புல்லட்டுக்குப் புகை பார்க்க ஆள் இருக்கு, பிரேக் பார்க்க?

ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே கரூர் ரோட்டை ஒட்டின வாழைத்தோட்டத்து ஊர்கள்ல புது புல்லட் வாங்குறவங்க கம்மி. இங்கே ஓடுற பழைய புல்லட்ல பாதி, திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ யாரோ ஒருத்தர் வீட்டு வாசல்ல நின்ன வண்டி. மூணாவது கை, நாலாவது கையா எங்க ஊருக்கு வரும். என்கிட்ட இருக்கிறது 1996 மாடல் 350. எனக்கு முன்னாடி ரெண்டு பேர் ஓட்டினது.

பழைய புல்லட் வாங்க நினைக்கிற டவுன் நண்பர்கள் என்னைக் கேட்கிற முதல் கேள்வி, "எஃப்.சி. பாஸ் ஆகுமா?" அதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் சரித்திரம் பேசணும்.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரில் வைத்தது. ராயல் என்ஃபீல்டு கம்பெனியின் வண்டி. 1955-ல் அவர்கள் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனியைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இறங்கும், இங்கே பூட்டுவார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். காலப்போக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடிப்போனது, திருவொற்றியூர் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-ல் புல்லட் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆக ஆரம்பித்தது.

ஆக, ஒரே தொழிற்சாலையில் பிறந்த வண்டிகள் ரெண்டு நாட்டில் ஓடின. ரெண்டு நாட்டுச் சோதனையும் எப்படி நடந்ததுன்னு பாருங்க.

இங்கிலாந்தில் 1960-ல் வருடாந்திரச் சோதனை வந்தது. எம்.ஓ.டி. என்பார்கள். அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் இந்த மூன்றும்தான் முதலில் பார்த்தது. பத்து வயசான வண்டிக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். வந்து நின்ற வண்டிகளில் ஃபெயில் ஆனவை அவ்வளவு அதிகமாக இருந்ததால், 1961 கடைசியிலேயே ஏழு வயசு என்று இறக்கினார்கள். 1967-ல் மூன்று வயசு ஆக்கினார்கள். இன்றைக்கும் அதுதான். அங்கே பழைய புல்லட் வாங்குகிறவர், வண்டி எண்ணைத் தட்டினால் போதும். எந்த வருஷம் எந்தக் கோளாறுக்காக ஃபெயில் ஆனது என்பதெல்லாம் காசில்லாமல் இணையத்தில் தெரிந்துவிடும். நாற்பது வயசு தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்கு 2018-லிருந்து சோதனை கட்டாயமில்லை.

நம்ம கதை வேற. 1939 மோட்டார் வாகனச் சட்டத்தில் எஃப்.சி. என்பது பஸ், லாரி மாதிரி வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடுகிற வண்டிகளுக்குத்தான். இப்போதிருக்கிற 1988 சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சொந்த பைக்குக்கு ஆர்.சி. 15 வருஷம் செல்லும். அப்புறம் படிவம் 25 எழுதி, வண்டியைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கணும். 15 வருஷம் ஆனா வண்டியை உடைச்சிடுவாங்கன்னு சிலர் பயமுறுத்துவாங்க. தமிழ்நாட்டில் சொந்த வண்டிக்கு அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்க. 15 வயசு முடியறதுக்குள்ள இங்கிலாந்து புல்லட்டை 12 தடவை சோதிச்சிருப்பாங்க. நம்ம புல்லட்டை ஒரு தடவைகூட இல்ல. முதல் சோதனை வரும்போது வண்டி கிராமத்துல, கடைசிக் கையில இருக்கும்.

புகைக்கு மட்டும் நம்ம ஊர்ல கெடுபிடி உண்டு. புது வண்டிக்கு முதல் வருஷம் விலக்கு. அப்புறம் என் வண்டி மாதிரி பழசுக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சர்டிபிகேட் வாங்கணும். 2000 மார்ச்சுக்குள் செய்த பைக்குக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை போகலாம், அதற்குப் பிறகு செய்ததுக்கு 3.5. பங்க் பக்கத்து வேன்ல குழாயை விட்டுப் பார்ப்பாங்க. கூடினா கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினாலே பல சமயம் சரியாகிடும். இங்கிலாந்தில் இதுக்கு நேர் எதிர். பைக்குக்கு அங்கே எம்.ஓ.டி.யில் புகைச் சோதனையே கிடையாது. பிரேக்கும் கோன் செட்டும் வருஷா வருஷம் உண்டு.

சரி, ஸ்ரீரங்கம் டி.என். 48 ஆனாலும், திருச்சி டி.என். 45 ஆனாலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல பழைய புல்லட் மாட்டுறது எங்கே?

முதல்ல சேஸிஸ் நம்பர். பென்சில் தேய்ச்சு பிரிண்ட் எடுக்கணும். மூணு ஓனர் மேல மேல பெயிண்ட் அடிச்சு, அடியில துருவும் ஏறியிருந்தா எழுத்து விழாது. ரெண்டாவது சைலன்சர். சத்தத்துக்காக யாரோ மாத்தினது உங்க தலையில வந்து விடியும், ஒரிஜினலைத் தேடி அலையணும். மூணாவது விளக்கு. பழைய ஒயரிங்ல ஹெட்லைட் மினுக்கும், பிரேக் லைட் எரியாது. நாலாவது முன் பிரேக். டிரம் பிரேக்குல மணலும் தண்ணியும் போய் லைனிங் வழுக்கும். 160 கிலோவுக்கு மேல இருக்கிற வண்டி, பின்னாடி வாழை இலைக் கட்டு வேற.

ஆனா இன்ஸ்பெக்டர் பார்க்கிறது அந்த ஒரு நாள் வண்டியைத்தான். நல்ல மெக்கானிக்கிட்ட ஒரு வாரம் விட்டா புல்லட் பாஸ் ஆகிடும். பாகம் எல்லாம் கிடைக்குது. இடையில வர்ற அஞ்சு வருஷம்தான் என் கவலை. ராத்திரி கரூர் ரோட்டுல எதிரே பஸ் வரும்போது, போன எஃப்.சி.க்கு மாத்தின பிரேக் ஷூ காப்பாத்தாது.

கட்டணமும் ஏறிடுச்சு. பைக் ஆர்.சி. புதுப்பிக்க 2021-ல் 300 ரூபாய். 2022 ஏப்ரல்ல 1,000 ஆனது. 20 வயசு தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்ல 2,000 ஆக்கிட்டாங்க. பசுமை வரி தனி. என் வண்டி 2011, 2016, 2021-ன்னு புதுப்பிச்சது, அடுத்து 2026. பழைய வண்டியைக் குறைக்கணும்னுதான் கட்டணம் ஏத்துறாங்க, அது புரியுது. ஆனா அந்தக் காசைக் கட்டுறவன் வண்டியோட நல்ல வயசை அனுபவிச்ச முதல் ஓனர் இல்ல. கூடுதல் காசு வாங்கினதால பிரேக்கைக் கூடுதலா ஒரு தடவை பார்க்கப்போறதும் இல்ல. ஏழு வயசுல ஒரு தடவை, பத்து வயசுல ஒரு தடவை, பிரேக்கும் விளக்கும் ஸ்டியரிங்கும் மட்டும் பார்த்து எழுதிக் கொடுத்தாலே, பழைய வண்டி வாங்குறவன் பாதி பிழைச்சுக்குவான்.

சட்டம் வர்ற வரைக்கும் நான் ஆயுத பூஜையைத்தான் எம்.ஓ.டி. நாளா வச்சிருக்கேன். எப்படியும் வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்கிறோம். அதுக்கு முந்தின நாள் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் அடியைப் பிடிச்சு முன்னும் பின்னும் ஆட்டுங்க. டக்குனு தட்டினா கோன் செட் போச்சு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டினா புஷ் தெரியும். டிரம்மைக் கழட்டி ஷூவைப் பாருங்க. பார்த்ததை ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. டவுன்ல வண்டியை விக்கிறப்போ ஆர்.சி.யோட அந்த நோட்டையும் கொடுத்து அனுப்புங்க. அடுத்து ஓட்டப்போறவன் அதைப் பார்த்தாவது எதை மாத்தணும்னு தெரிஞ்சுக்குவான்.