இரவல் கொடுக்க முடியாத விளையாட்டு



ஒரே கேமை இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பர் துபாய் கடை ஒன்றில் டிஸ்க்காக வாங்குகிறான். இன்னொருவன் வீட்டில் உட்கார்ந்தபடியே கன்சோலில் டவுன்லோடு செய்துகொள்கிறான். கொடுத்த பணம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆடும் ஆட்டமும் ஒன்றுதான். ஆனால் முதலாமவன் ஆடி முடித்ததும் அதை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், விற்கலாம், விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது சித்தப்பா மகனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டு வரலாம். இரண்டாமவனுக்கு இதெல்லாம் இல்லை. தன் அக்கவுன்டின் பாஸ்வேர்டை நண்பனிடம் சொன்னால்கூட அவன் விதியை மீறியவன் ஆகிவிடுகிறான்.

கையில் இருப்பதை இல்லாதவனோடு பகிர்ந்துகொள் என்று ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நற்பழக்கம் விதிமீறலாக மாறியது எப்படி? ஒரே நாளில் நடந்த காரியம் அல்ல இது. இதன் பின்னால் நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

89 சென்ட் வழக்கு

1904-இல் அமெரிக்காவில் பாப்ஸ்-மெரில் என்ற பதிப்பகம் 'தி காஸ்ட்அவே' என்னும் நாவலை வெளியிட்டது. புத்தகத்துக்குள்ளேயே ஓர் அறிவிப்பு அச்சிடப்பட்டிருந்தது: இதன் விலை ஒரு டாலர், அதற்குக் குறைத்து விற்க எந்தக் கடைக்காரருக்கும் உரிமம் இல்லை, மீறினால் பதிப்புரிமையை மீறியதாகக் கருதப்படும். நியூயார்க்கின் மேசிஸ் கடை அதைப் பொருட்படுத்தாமல் 89 சென்ட்டுக்கு விற்றது. கடை உரிமையாளர்களான ஸ்ட்ராஸ் சகோதரர்கள்மீது பதிப்பகம் வழக்குத் தொடுத்தது. (அவர்களில் மூத்தவரான இசிடோர் ஸ்ட்ராஸ்தான் 1912-இல் டைட்டானிக் கப்பலில் தம் மனைவியோடு உயிரிழந்தவர்.)

1908-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. புத்தகத்தை மறுபடி அச்சடிக்கும் உரிமை பதிப்பகத்துடையதுதான். ஆனால் ஒரு பிரதியை விற்றுப் பணம் வாங்கியபின், அந்தப் பிரதி எந்த விலைக்கு யார் கைக்குப் போக வேண்டும் என்று அதன் பின்னாலேயே போய்க் கட்டளையிட முடியாது. 'முதல் விற்பனை' என்று பெயர் பெற்ற இந்தக் கொள்கை அடுத்த ஆண்டே சட்டத்திலும் இடம் பெற்றது. பழைய புத்தகக் கடையும், நூலகமும், நண்பர்களுக்குள் இரவலும் அங்கே சட்டத்தின் நிழலில் நிம்மதியாக நடந்தது இதனால்தான்.

நம் ஊரில் இரவல்

இரவலை ஒரு பொதுநலப் பணியாகவே வளர்த்த மண் நம்முடையது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். புத்தகம் அலமாரியில் பூட்டி வைப்பதற்கல்ல, கை மாறிப் போவதற்கே என்பதை வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு போய் இரவல் கொடுத்தார்கள். 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. காசில்லாத பிள்ளையும் படிக்க வேண்டும் என்ற எண்ணமே இவற்றின் அடிப்படை.

வளைகுடாவுக்கு வந்த நம் அப்பாக்களின் தலைமுறைக்கும் இரவல்தான் பொழுதுபோக்கு. பாட்டு கேசட்டும் வீடியோ கேசட்டும் அறைக்கு அறை, கேம்ப்புக்குக் கேம்ப் கை மாறின. சவூதியில் பல பத்தாண்டுகள் சினிமா தியேட்டரே கிடையாது. 2018-இல்தான் மறுபடி திறந்தார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வாடகைக் கேசட்டே தியேட்டர். உண்மையையும் சொல்ல வேண்டும்: அந்தக் கேசட்டுகளில் திருட்டுப் பிரதிகள் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகம் 1992-இல் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது. 2002-இலும் 2021-இலும் அதைப் புதுப்பித்தது. உழைத்துப் படைத்தவனுக்குக் கூலி சேர வேண்டும் என்பது நியாயமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். திருட்டுப் பிரதி எடுப்பது வேறு. காசு கொடுத்து வாங்கிய ஒரே பிரதியை அடுத்தவன் கையில் கொடுப்பது வேறு. முன்னதில் ஒன்று இரண்டாகிறது. பின்னதில் அவன் ஆடும்போது நம்மிடம் அது இல்லை.

கேம் உலகின் முதல் சண்டைகள்

வீடியோ கேம் வந்தபோது இந்த வேறுபாடு சோதனைக்கு உள்ளானது. 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் பிளாக்பஸ்டர் போன்ற கடைகள் நின்டெண்டோ கேம்களை வாடகைக்கு விட்டன. நின்டெண்டோவுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் வாடகைக்கு விடுவதைத் தடுக்கச் சட்டம் இல்லை. ஆகவே 1989-இல், கேமோடு வரும் விளக்கக் கையேட்டைக் கடைக்காரர்கள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்ற காரணத்தைப் பிடித்து வழக்குப் போட்டது. கடைகள் ஜெராக்ஸை நிறுத்தின, வாடகை நிற்கவில்லை. 1990-இல் கம்ப்யூட்டர் மென்பொருளை வாடகைக்கு விடுவதை அமெரிக்கா தடை செய்தபோதும், கன்சோல் கேம்களுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. ஜப்பானில் பழைய கேம்களை விற்கும் கடைகளை நிறுத்த வேண்டும் என்று கேம் நிறுவனங்கள் வழக்காடின. 2002 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கடைகளின் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

டிஸ்க்கும் கார்ட்ரிட்ஜும் இருந்தவரை, வாங்கியவனே பெரும்பாலும் ஜெயித்தான்.

2013: ஒரு மாதத்தில் ஒரு போர்

2013 மே 21 அன்று மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலை அறிமுகப்படுத்தியது. ஜூன் 6-ஆம் தேதி அதன் விதிகள் வெளியாகின. டிஸ்க் வாங்கினாலும் கேம் நம் அக்கவுன்டோடு கட்டப்படும். 24 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கன்சோல் இன்டர்நெட்டில் இணைந்து அனுமதி பெற வேண்டும். கேமை நண்பனுக்குக் கொடுத்துவிடலாம், ஆனால் ஒரே ஒரு முறைதான். அவனும் குறைந்தது 30 நாள் நம் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும். குடும்பத்தார் பத்துப் பேர்வரை கேம்களைப் பகிரலாம் என்ற சலுகையும் அதில் இருந்தது. ஆனால் யாரோடு பகிரலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரம் வாங்கியவன் கையைவிட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது.

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கலும் காத்திருந்தது. அந்தக் கன்சோலைப் பயன்படுத்த 21 நாடுகளில் ஒன்றின் அக்கவுன்ட் வேண்டும் என்றார்கள். அந்தப் பட்டியலில் அமீரகமும் இல்லை, சவூதியும் இல்லை, இந்தியாவும் இல்லை. இன்டர்நெட் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்குப் பழைய எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்ற பொருளில் பதில் சொன்னார் அந்தப் பிரிவின் தலைவர் டான் மேட்ரிக். கப்பலில் வேலை செய்கிறவர்களும், பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளில் இருக்கிறவர்களும் அவர் கணக்கில் வரவில்லை.

ஜூன் 10-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷன் 4-க்கு அப்படிப்பட்ட கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று அறிவித்தது. அரங்கமே ஆர்ப்பரித்தது. கேமை நண்பனுக்கு எப்படிக் கொடுப்பது என்று விளக்கும் ஒரு குட்டி வீடியோவையும் வெளியிட்டார்கள்: ஒருவர் டிஸ்க் பெட்டியை நீட்டுகிறார், மற்றவர் வாங்கிக்கொள்கிறார். அவ்வளவுதான். ஜூன் 19 அன்று மைக்ரோசாஃப்ட் பின்வாங்கியது. 24 மணி நேர அனுமதியும் இரவல் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. பத்துப் பேர் பகிரும் திட்டமும் அவற்றோடு சேர்ந்து போனது. அமீரகத்துக்கும் சவூதிக்கும் இந்தியாவுக்கும் அந்தக் கன்சோல் 2014 செப்டம்பரில் வந்து சேர்ந்தது.

கதவை இடிக்கவில்லை, நாமே திறந்தோம்

2013-இல் வாடிக்கையாளர்கள் ஜெயித்தார்கள் என்று வரலாறு எழுதினால் அது பாதி உண்மைதான். அன்று யாரும் சம்மதிக்காத விதிகள், பின்னர் டவுன்லோடு என்ற வசதியின் வழியாக ஓசையின்றி நுழைந்தன. கடைக்குப் போக வேண்டாம், டிஸ்க் கீறல் விழாது, நள்ளிரவில் வெளியாகும் கேமை அப்போதே ஆடலாம். 2020 நவம்பரில் டிஸ்க் போடும் இடமே இல்லாத கன்சோல்களை இரண்டு நிறுவனங்களும் விற்றன. விலை குறைவு என்று நாமும் வாங்கினோம். இரவல் சேலையை நம்பி இடுப்புச் சேலையை எறிந்த கதை என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதுதான் இது. டவுன்லோடு கேமில் நாம் வாங்குவது பொருளை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை. அதை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க நிபந்தனைகள் இடம் தருவதில்லை. கலிஃபோர்னியா மாநிலம் இதைக் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இயற்றிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது.

வளைகுடாத் தமிழருக்கு இந்த மாற்றம் மற்றவர்களைவிட அதிகமாக வலிக்கும். நம் வாழ்க்கையே விசாவின் நீளம்தான். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பும் குடும்பம் கட்டிலையும் ஃபிரிட்ஜையும் சைக்கிளையும் பாடப்புத்தகங்களையும் அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. டிஸ்க்குகளும் அப்படியே இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகும். டவுன்லோடு கேம்களை அப்படிக் கொடுக்க முடியாது. பிளேஸ்டேஷனில் எந்த நாட்டுக்கு அக்கவுன்ட் தொடங்கினோமோ அந்த நாட்டைப் பிறகு மாற்ற முடியாது. அமீரக அக்கவுன்டுக்கு இந்திய கிஃப்ட் கார்டு செல்லாது.

நின்டெண்டோ 2025-இல் டவுன்லோடு கேமையும் இரவல் கொடுக்க வழி செய்தது, நல்ல முயற்சி. குடும்பக் குழுவில் உள்ள ஒருவருக்கு இரண்டு வாரம் கொடுக்கலாம். பிறகு அது தானாகத் திரும்பிவிடும். ஆனால் கொடுக்கும்போது இரு கன்சோல்களும் அருகருகே இருக்க வேண்டும். அப்பா துபாயிலும் பிள்ளைகள் நாகர்கோவிலிலும் இருக்கும் குடும்பத்துக்கு அந்த வழி விடுமுறையில் மட்டுமே திறக்கும்.

டிஸ்க் இருந்தால் எல்லாம் பத்திரம் என்றும் நினைத்துவிடக் கூடாது. யூபிசாஃப்ட்டின் 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2014-இல் வெளியானது. எப்போதும் இன்டர்நெட்டில் இணைந்திருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31 அன்று நிறுவனம் சர்வரை நிறுத்தியதும், டிஸ்க் வைத்திருந்தவர்களாலும் அதை ஆட முடியவில்லை. அதன் பின் எழுந்த இயக்கத்துக்கு ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

நாம் செய்யக்கூடியது

இதையெல்லாம் படித்துவிட்டு, அவர்கள் நியாயம் செய்யவில்லை, ஆகவே நாமும் திருட்டுப் பிரதி எடுக்கலாம் என்று ஒருவரும் முடிவுகட்ட வேண்டாம். ஒரு கேமுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. குறைந்த விலைக்கு 'ஷேர்டு அக்கவுன்ட்' தருகிறோம் என்று அழைப்பவர்களிடமும் போக வேண்டாம். அது விதிக்குப் புறம்பானது. அக்கவுன்ட் முடக்கப்பட்டால் பணமும் போகும், கேமும் போகும்.

வாங்கும் முன் ஒரு நிமிடம் நின்று, இதை ஆடி முடித்தபின் யாருக்காவது கொடுக்க விரும்புவேனா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் டிஸ்க்கோ கார்ட்ரிட்ஜோ வாங்குங்கள். பெட்டியின்மேல் உள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-க்கு வரும் சில கார்டுகளில் முழு கேம் இருக்காது, அதைத் திறக்கும் சாவி மட்டுமே இருக்கும். அந்தக் கார்டைக் கொடுக்கலாம், விற்கலாம். ஆனால் டவுன்லோடு செய்ய சர்வர் உயிரோடு இருக்க வேண்டும். டவுன்லோடுதான் வசதி என்றால் அதையே வாங்குங்கள். வாங்குவது உரிமம் என்று தெரிந்து வாங்குங்கள். அப்போதும் நண்பனை வீட்டுக்கு அழைத்து இரண்டாவது கன்ட்ரோலரை அவன் கையில் கொடுக்க எந்த நிபந்தனையும் தடை சொல்லவில்லை.

வாலிபர் ஐக்கியத்தில் உங்கள் பக்கத்தில் உட்காரும் பையனின் அப்பாவுக்குச் சம்பளம் மூன்று மாதமாக வராமல் இருக்கலாம். அவன் அதை வெளியே சொல்ல மாட்டான். ஆடி முடித்த டிஸ்க் ஒன்று உங்கள் அலமாரியில் இருக்குமானால், வருகிற வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.