வெள்ளை வயர் மெட்டு ஏறிய கதை

சித்தி அந்த வயரை வாங்கியது கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு தள்ளுவண்டியில். எண்பது சொன்னார்கள், அறுபதுக்குக் கொடுத்தார்கள். வெள்ளை நிறம், ஒரு மீட்டர் நீளம். ஒரு முனையில் சார்ஜரில் சொருகும் அகலத் தலை, மறுமுனையில் போனுக்குள் போகும் சப்பைத் தலை. எட்டு வடிவில் மடித்து, இடுப்பில் ஒரு கறுப்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கறுப்புக் கம்பியைப் பிய்த்துக் குப்பையில் போட்டோம். நீங்களும் அப்படித்தான் செய்திருப்பீர்கள்.

மறுநாள் விடிகாலை வயர் ஜீப் ஏறியது. சித்திக்கு ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் வேலை. இருட்டு விலகும் முன்பே கம்பத்திலிருந்தும் சுற்றுப்பட்டியிலிருந்தும் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டுக்குக் கிளம்பிவிடும். தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி மலைக்கு ஏற மூன்று சாலைகள்: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. நடுவில் இருப்பது எங்களுடையது. மடியில் இரண்டு வயர்கூடை, காலுக்கடியில் இரண்டு, வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து போகிற பயணம். மெட்டில் செக்போஸ்ட்டைத் தாண்டினால் கேரளம். சித்தி கூடைக்குள் கையை விட்டாள். வயரோடு தைல டப்பா, வெற்றிலைச் சுருக்குப்பை, ஒரு சீப்பு எல்லாம் சேர்ந்து வந்தன.

“நேத்து ராத்திரி நாந்தான மடிச்சு வச்சேன்? யாரு கைய வச்சது?”

யாரும் வைக்கவில்லை. அதைச் சொல்லுமுன் இந்த வயர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

உள்ளே இருப்பது செம்பு. 2018 வரை இந்தியாவின் செம்பில் கணிசமான பங்கு தூத்துக்குடியில் உருகி வந்தது. ஆண்டுக்கு நான்கு லட்சம் டன் திறன் உள்ள உருக்காலை. தாது கப்பலில் வெளிநாட்டிலிருந்து வரும். 2018 மே 22, 23 தேதிகளில், ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள்மேல் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தார்கள். அந்த மாதமே அரசு ஆலையை மூடியது. அதுவரை செம்பை வெளியே அனுப்பிக்கொண்டிருந்த நாடு, பிறகு வாங்கத் தொடங்கியது. சித்தியின் வயருக்கு எந்த ஊர்ச் செம்பு என்று அட்டையில் போட்டிருக்கவில்லை. அறுபது ரூபாய் வயருக்கு ஜாதகம் எழுதுகிறவர் யார்?

செம்பு முதலில் 8 மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியாக வார்க்கப்படுகிறது. அதைச் சிறிய துளை, அதைவிடச் சிறிய துளை என்று அச்சுகளுக்குள் விட்டு இழுத்துக்கொண்டே போவார்கள். நம் ஊர் ஆசாரி பொன்னை இழுக்கும் கம்பியச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. 8 மில்லிமீட்டர் கம்பி தலைமுடியைப் போல 0.08 மில்லிமீட்டருக்கு மெலியும்போது ஒரு மீட்டர் பத்து கிலோமீட்டராக நீண்டிருக்கும். இரண்டு மீட்டர் செம்பு இருந்தால் கம்பத்தில் ஒரு முனையைக் கட்டிவிட்டு மெட்டைத் தாண்டிப் போய்விடலாம். யாராவது சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனால் ‘கம்பி நீட்டிவிட்டான்’ என்கிறோம். நிஜமாகக் கம்பி நீட்டுகிற இடத்தில் ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார், செம்புதான் ஓடுகிறது.

அப்படி மெலிந்த இழைகளைச் சேர்த்து முறுக்குகிறார்கள். ஒற்றைத் தடிக்கம்பி நாலு தரம் வளைத்தால் ஒடிந்துவிடும், மெல்லிய இழைகள் பல சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். கிணற்றுக் கயிறு திரித்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. முறுக்கிய செம்பின்மேல் பிவிசி உறை ஏறுகிறது. விறைப்பான பிவிசியை இப்படிக் குழைவாக்கும் வழியை 1926ல் அமெரிக்காவில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர் கண்டார். வீட்டு இஸ்திரிப் பெட்டிக்குத் துணி பின்னிய தடித்த வயர் இருந்தது சிலருக்கு நினைவிருக்கும். அந்த வயர் சிக்கியதாக எனக்கு நினைவில்லை. அது விறைப்பு. சிக்குவதற்கும் கொஞ்சம் குழைவு வேண்டும்.

யுஎஸ்பி என்ற இந்தத் தலை 1996ல் வந்தது. அதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் இன்டெல் நிறுவனத்தில் இருந்த அஜய் பட், வடோதராவில் படித்தவர். கணினிக்குப் பின்னால் ஆளுக்கொரு வடிவில் தொங்கிய வயர்களை ஒன்றாக்குவதுதான் நோக்கம். ஆனாலும் எங்கள் வீட்டுப் பிஸ்கட் டப்பாவில் ஊசிமுனை சார்ஜர் இரண்டு, தட்டைமுனை மூன்று, எந்தப் போனுக்கு என்றே தெரியாத ஒன்று என்று ஆறு வயர்கள் ஒரே உருண்டையாகக் கிடக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் புதிய போன்களுக்கு டைப்-சி மட்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. டப்பாவில் கிடப்பதற்குச் சட்டம் இல்லை.

இனி ஜீப்பில் தானாகச் சிக்கிய வயருக்கு வருவோம். 2007ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் இருவரும் ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சுழற்றினார்கள். ஒரு தரத்துக்குப் பத்து நொடி. 3,415 தரம் இப்படிச் செய்து, விழுந்த முடிச்சுகளை எண்ணினார்கள். 46 சென்டிமீட்டருக்குக் குறைவான நூல் முடிச்சே போடவில்லை. அதற்கு மேலே முடிச்சு சரசரவென்று கூடி, ஒன்றரை மீட்டரை எட்டும்போது இரண்டு தரத்துக்கு ஒரு தரம் முடிச்சு என்ற அளவில் வந்து நின்றது. மொத்தம் 120 வகை முடிச்சு. அடுத்த ஆண்டு அவர்களுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிகளுக்கான பரிசு. அவர்கள் பெட்டியைச் சுற்றியது பத்து நொடி. எங்கள் ஜீப் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் குலுக்குகிறது.

அவர்கள் கண்ட காரணம் எளிது. பெட்டிக்குள் நூல் வளையம் வளையமாகப் படுத்துக்கொள்கிறது. குலுக்கும்போது சும்மா இருக்கிற நுனி வளையங்களுக்கு மேலும் கீழும் நுழைகிறது, பெண்கள் சடை பின்னுவதைப் போல. நடுப்பகுதி எதுவும் செய்வதில்லை. சித்தியிடம் இதைச் சொன்னபோது அவள் அசரவில்லை.

“வாலு சும்மா இருக்காதுன்னு இதுக்குப் பெட்டி வாங்கிச் சுத்துனாங்களாக்கும்?”

அந்த வயர் கிடந்த கூடையும் வயரில் போட்டதுதான், பிளாஸ்டிக் வயர். சித்தியே முடைந்தது, நெல்லிக்காய் முடிச்சு. தெரு முழுக்கச் சிவன் கண்ணும் நெல்லிக்காயும் முடைந்த காலத்தில் கற்றுக்கொண்டது. அத்தனை முடிச்சும் வரிசை தப்பாமல் நிற்க, அவற்றுக்குள்ளே ஒரே ஒரு வயர் தானாக முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடந்தது.

இதைவிட வேடிக்கை தோட்டத்தில். ஏலச்செடி ஆளைவிட உயரமாக நிற்கும், காயோ காலடியில்தான். தூரிலிருந்து சரங்கள் நாலாபுறமும் கிளம்பித் தரையோடு தரையாக ஒன்றன்மேல் ஒன்று படர்ந்து கிடக்கும். சித்தி குனிந்து உட்கார்ந்து, சருகை ஒதுக்கி, ஒரு சரத்தைக்கூட நோகவிடாமல் விரலால் விலக்கி, விளைந்த காயை மட்டும் எடுப்பாள். பிஞ்சும் பூவும் அதே சரத்தில் இருக்கும், ஒன்றும் உதிராது. பல்லாயிரம் சரங்களைப் பிரித்த விரல்கள் இந்த ஒரு மீட்டர் வயரைக் கண்டால் பொறுமை இழந்து இழுத்துவிடும். இழுத்தால் முடிச்சு இறுகும் என்று அவளுக்குத் தெரியாதா? சரம் சோறு போடுகிறது. வயர் நேரத்தைத் தின்கிறது.

தமிழில் ‘சிக்கல்’ என்றாலே பிரச்சினை. தலைமுடிக்கும் நூலுக்கும் சொன்ன சொல் கடனுக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் வயர் சிக்கினால் ‘குருங்கி’ என்பார்கள், வண்டிகள் நெரிந்து நின்றாலும் அதே ‘குருக்கு’தான். காலையில் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்கும்போது மெட்டில் இரண்டு சொல்லும் காதில் விழும்.

ஒரு மைக்செட் அண்ணன்தான் வயர் சுற்ற எனக்குக் கற்றுக்கொடுத்தார். சித்திரைத் திருவிழா முடிந்து, சீரியல் செட் அவிழ்க்கும் இரவு. உதவிக்குப் போன நான் பெருவிரலுக்கும் முழங்கைக்குமாக வயரைப் பரபரவென்று சுற்றினேன். “நிறுத்துப்பா, வயரைக் கொல்லாத” என்றார். ஒரே பக்கமாகச் சுற்றினால் சுற்றுக்கு ஒரு முறுக்கு வயருக்குள் ஏறும். நூறு சுற்றில் நூறு முறுக்கு. அவிழ்க்கும்போது அத்தனையும் பாம்பாகத் துள்ளும். அவர் ஒரு வளையத்தை மேலாகப் போட்டார், அடுத்ததைக் கையைத் திருப்பிக் கீழாகப் போட்டார். முதல் வளையத்தின் முறுக்கை இரண்டாவது கழித்துவிடும். கடைசியில் நுனி வளையத்துக்குள் நுழைந்துவிடாமல் வெளியே வைத்துக் கட்டினார். அடுத்த கோயிலில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், வயர் தானாக வந்துகொண்டிருக்கும்.

நான் சித்திக்குச் சொல்லிக்கொடுத்தேன். நாலு நாள் செய்தாள். ஜீப்காரர் ஹாரன் அடிக்கும்போது யாருக்கு வளையம் ஞாபகம் வரும்?

வயர் இரண்டு மாநில மின்சாரத்தில் வாழ்ந்தது. இரவில் கம்பத்தில் தமிழ்நாட்டு வாரியம், பகலில் எஸ்டேட் ஸ்டோரில், ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தின் ஒரே பிளக் பாயிண்டில், கேரள வாரியம். பெரியாற்றுத் தண்ணீரில் ஒரு பங்கை 1895ல் கட்டி முடித்த அணை கிழக்கே திருப்புகிறது. அது லோயர்கேம்ப் மின்நிலையத்தில் விழுந்து எங்கள் வயலுக்கு வருகிறது. மீதி இடுக்கி அணைக்குப் போய், 1976 முதல் மூலமற்றத்தில் 780 மெகாவாட் நிலையத்தைச் சுழற்றுகிறது. கட்டமைப்பில் எல்லா மின்சாரமும் கலந்துதான் வருகிறது, சரி. இருந்தாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வயரின் சாப்பாட்டில் பெரியாறும் இருந்தது என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எட்டாம் மாதம் கழுத்து போனது. எல்லா வயருக்கும் சாவு தலைக்குக் கீழே ஒரு விரற்கடையில்தான், வளைகிற இடமும் இழுக்கிற இடமும் அதுதான். முதலில் ஒரு கோணத்தில் சாய்த்துப் பிடித்தால் ஏறியது. பிறகு அடியில் தீப்பெட்டி வைத்தால் ஏறியது. கறுப்பு டேப் சுற்றினோம், பத்து நாள் ஓடியது. கடைசியில் பிளேடால் உறையைக் கீறிப் பார்த்தேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு கம்பி இருக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் மட்டும் இருந்தன. தகவல் போகிற இரண்டும் அதற்குப் பிறக்கும்போதே இல்லை. சித்தியின் பேத்தி படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முடியவில்லை என்று அத்தனை நாள் போனைத் திட்டியது பாவம்.

பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்காரர் தெருவில் வந்தபோது சித்தி அதை ஓடாத மிக்சியோடு சேர்த்துக் கொடுத்தாள். அவர் வயரை மட்டும் எடுத்துச் சாக்கில் எறிந்தார், தராசில் போடவில்லை. “இதுல என்னக்கா செம்பு இருக்கு?” நியாயம்தான். முழுசாக நாலு கம்பியும் உள்ள நல்ல வயரிலேயே ஒரு மீட்டருக்கு ஐந்து கிராம் தேறினால் பெரிது. உறையை உரித்து எடுக்கிறவர்களும் உண்டு, கொளுத்தி எடுக்கிறவர்களும் உண்டு. பிவிசி எரிகிற புகையில் டையாக்சின் இருக்கிறது. எங்கள் வயர் எந்த வழியில் போனது என்று நான் பின்னால் போய்ப் பார்க்கவில்லை.

இப்போது இருப்பது கறுப்பு வயர், நூற்றிருபது ரூபாய். அதைக் கட்டியிருந்த கம்பியைச் சித்தி எறியவில்லை, கூடைப் பிடியில் சுற்றி வைத்திருக்கிறாள். காலையில் வயரை மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து அதில் ஒரு முறுக்கு. மெட்டு ஏறி இறங்கியும் பிரிவதில்லை.