கீபோர்டில் கமகம்: ஆர்மோனியம் முதல் சுருதிச் சக்கரம் வரை

கர்நாடக இசையில் ஒரு சுரம் வைத்த இடத்திலேயே நிற்பது அரிது. பக்கத்துச் சுரங்களைத் தொடும், அவற்றுக்கு நடுவே அசையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும். இந்த அசைவுகளுக்குப் பெயர் கமகம். 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரம் 15 வகைக் கமகங்களைச் சொல்கிறது. 1904இல் எட்டயபுரத்தில் வெளியான சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி கமகங்களுக்குத் தனிக் குறியீடுகளையே வகுத்துக்கொண்டது. சுரங்களை மட்டும் எழுதினால் ராகம் வராது என்பதுதான் காரணம். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் வாத்தியங்கள் தடுமாறியதும் இந்த இடத்தில்தான்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியம் தமிழ் நாடக மேடையில் எளிதாக இடம்பிடித்தது. வலக்கை கட்டைகளை அழுத்தும், இடக்கை துருத்தியை இயக்கும். துருத்தியால் ஒலியைக் கூட்டலாம், குறைக்கலாம். சுரத்தை அசைக்க முடியாது. இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள ஒலி அதில் இல்லவே இல்லை. இரவீந்திரநாத் தாகூர் ஆர்மோனியத்தை எதிர்த்தார். அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவை நடத்திய ஜான் ஃபோல்ட்ஸ் அதைக் கடுமையாகச் சாடி எழுதினார். 1940இல் வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. அந்தத் தடை 1971இல்தான், அதுவும் ஓரளவுக்கு, நீங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தங்கள் கச்சேரியில் ஆர்மோனியத்தைச் சேர்க்காத பாடகர்கள்கூடத் தங்கள் சுருதியை ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்று ஆர்மோனியத்தின் கணக்கில்தான் சொல்கிறார்கள்.

அயல்நாட்டுக் கருவி என்பதற்காக மட்டும் எழுந்த வெறுப்பு அல்ல இது. வயலினும் அயல்நாட்டதே. பாலுசுவாமி தீட்சிதர் கற்று வழிகாட்டிய பிறகு அது கச்சேரியின் இன்றியமையாத பக்கவாத்தியம் ஆயிற்று. மாண்டலினின் இரட்டை நரம்புகளை விட்டு, ஐந்து ஒற்றை நரம்புகள் கொண்ட மின்கருவியில் யூ. ஸ்ரீநிவாஸ் ராக ஆலாபனை செய்தபோது ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கமகம் வருகிறதா என்பதே சோதனை.

கட்டை வாத்தியத்துக்கு அந்த வழியைத் திறந்தது ஒரு சிறிய சக்கரம். 1970இல் வந்த மினிமூக் என்னும் மின்னணு இசைக்கருவியில், கட்டைகளுக்கு இடப்புறம் இரண்டு சக்கரங்கள் இருந்தன. ஒன்று சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் ‘பிட்ச் பெண்ட்’. மற்றொன்று ‘மாடுலேஷன்’. துருத்தி இழுத்துக்கொண்டிருந்த இடக்கைக்கு இப்போது வேறு வேலை கிடைத்தது. வீணையில் வலக்கை மீட்ட, இடக்கை நரம்பை இழுத்துக் கமகம் தருவதுபோல, கீபோர்டில் வலக்கை கட்டையை அழுத்த இடக்கை சக்கரத்தை அசைக்கிறது.

1983இல் கருவிகளுக்குப் பொதுமொழியாக வந்த ‘மிடி’ முறை, சக்கரத்தின் அசைவை 16,384 படிகளாகப் பிரித்தது. பல கருவிகளில் சக்கரத்தின் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம். தோடிக்கு இது அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது. தோடியின் சாதாரண காந்தாரம் அசையாமல் நின்றால் தோடியாக ஒலிக்காது. சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்தியமத்துக்கும் இடையே அது ஊசலாட வேண்டும். காந்தாரக் கட்டையை அழுத்திச் சக்கரத்தை முழுவதும் கீழே தள்ளினால் ரிஷபம், முழுவதும் மேலே தள்ளினால் மத்தியமம். மறுபடி கட்டையை அழுத்தாமல் ஒரே ஒலியில் இவ்வளவும் நடக்கும். பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜமத்துக்குப் போகும் நீண்ட ஜாருவுக்கு இந்த எல்லை போதாது. எல்லையை ஒரு ஸ்தாயிக்கு விரித்துவிட்டால், கை சற்றே நகர்ந்தாலும் சுரம் எங்கோ போய்விடும்.

மாடுலேஷன் சக்கரத்தைக் கமகத்துக்கு மாற்றாகக் கொள்வது தவறு. அது தருவது ஒரே வேகத்தில் இயந்திரம்போல் நடுங்கும் ஒலி. மெல்லிசைக்கு அது அழகு. ராகத்தில் ஒவ்வொரு அசைவுக்கும் தனி வேகமும் தனி எல்லையும் உண்டு.

சென்னையைச் சேர்ந்த ‘கீபோர்டு’ சத்யா எனப்படும் கே. சத்யநாராயணன் சிறுவயதிலிருந்தே கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரிகள் செய்துவருபவர். கீபோர்டுக்கும் தனிக் கச்சேரி மேடை கிடைத்திருக்கிறது.

சக்கரத்துக்கு ஒரு குறை உண்டு. அழுத்தியிருக்கும் எல்லாச் சுரங்களையும் அது ஒன்றாகவே வளைக்கும். சட்ஜம் நிற்க, மேலே காந்தாரம் மட்டும் அசைய வேண்டுமென்றால் வழியில்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனி வளைவு தரும் ‘எம்.பி.இ.’ முறை 2018இல் மிடி தரத்தில் சேர்ந்தது. கட்டைகளே இல்லாத வழவழப்பான பரப்பில் விரலை நகர்த்தி வாசிக்கும் கன்டினூம் என்ற கருவியை ஏ. ஆர். ரகுமான் கையாள்கிறார். ‘டெல்லி 6’ படத்தின் ‘ரஹ்னா தூ’ பாடலில் அதன் ஒலியைக் கேட்கலாம்.

நெய்வேலி நகரியம் போன்ற ஊர்களில் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கித் தரும் கீபோர்டு பெரும்பாலும் ஆரம்பநிலை மாதிரிதான். அவற்றில் பலவற்றுக்குச் சக்கரமே கிடையாது. வாங்குமுன் கட்டைகளுக்கு இடப்புறம் பார்த்துக்கொள்வது நல்லது. சக்கரம் இல்லாத கருவியிலும் முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் குறையின்றி ஒலிக்கும், ஏனெனில் அவை மேற்கத்திய மெட்டுகளைத் தழுவியவை. தோடி வர்ணத்தை மட்டும் முதலில் வாயால் பாடிக் கற்றுக்கொள்ள வேண்டும்.