பழமைக் கட்சியின் ஆயுள் ரகசியம்

ஸ்தாபனங்களைத் தோற்றுவித்தல் எளிது, நிலைநிறுத்தலே அரிது. ஆரவாரத்தோடு தொடங்கிய சங்கங்கள் இரண்டொரு மகாநாடுகளோடு மறைந்தொழிவதை நாம் கண்ணாரக் காண்கிறோம். பிரிட்டனில் கன்ஸர்வேடிவ் கட்சி எனப்படும் பழமைக் கட்சியோ சுமார் 190 வருஷங்களாக உயிரோடிருந்து, பலமுறை ராஜ்யபாரத்தையும் வகித்துள்ளது. நம் தேசத்தின் சுயாட்சிக்கு அக்கட்சியினர் பலர் இட்ட முட்டுக்கட்டைகளை நாம் மறந்தோமில்லை. ஆயினும் பிறர் சரித்திரத்திலிருந்து நமக்கு வேண்டிய பாடத்தைக் கொள்வது அறிவுடையோர் வழக்கு. ஆதலின் அக்கட்சியின் நெடிய ஆயுளுக்குக் காரணம் யாதென இங்குச் சிறிது ஆராய்வோம்.

1832-ம் வருஷத்துச் சீர்திருத்தச் சட்டம் வாக்குரிமையை விரிவாக்கியது. அச்சட்டத்தை மும்முரமாக எதிர்த்த டோரிகள் அடுத்து வந்த தேர்தலில் படுதோல்வியுற்றனர். அச்சமயம் ஸர் ராபர்ட் பீல் 1834-ம் வருஷ முடிவில் டாம்வொர்த் தொகுதி ஜனங்களுக்கு ஓர் அறிக்கை விடுத்தார். நடந்த சீர்திருத்தம் நடந்ததே, அதைப் புரட்ட முயலோம்; உண்மையான குறைகளைத் திருத்துவோம், நல்லனவற்றைக் காப்போம் என்பதே அதன் சாரம். அன்றுதொட்டுப் பழமைக் கட்சி புதுப்பிறவி எடுத்தது. 1841-ல் பீல் பெரும்பான்மை பெற்றார். ஆனால் 1846-ல் தானியச் சட்டங்களை அவர் ரத்துச் செய்தபோது கட்சி இரண்டாகப் பிளந்தது. பின்னர் 1874 வரையில் அக்கட்சி காமன்ஸ் சபையில் பெரும்பான்மையைக் காணவில்லை. உட்பகை ஒரு ஸ்தாபனத்துக்கு விதிக்கும் தண்டனை இத்தகையது.

அவ்வனவாசத்தை முடித்தவர் டிஸ்ரேலி. 1867-ல் பட்டணத்துத் தொழிலாளர் பலருக்கும் வாக்குரிமை அளித்த சட்டம் அவர் முயற்சியால் நிறைவேறியது. வோட்டர்கள் தொகை ஏறக்குறைய இருமடங்காயிற்று. வோட்டளித்தால் மட்டும் போதுமா? வோட்டரை அணுக வேண்டாமா? அதே வருஷத்தில் ஊர்தோறுமிருந்த கட்சிச் சங்கங்கள் தேசிய ஐக்கியமாக இணைக்கப்பட்டன. 1870-ல் மத்திய காரியாலயம் ஏற்பட்டது.

1883-ல் பிறந்த இரண்டு காரியங்கள் குறிப்பிடத்தக்கன. தேர்தற் செலவுக்கு வரம்பு விதித்து, கூலிக்கு வோட்டுச் சேகரிப்போரை விலக்கும் சட்டம் அவ்வருஷத்தில் வந்தது. பணத்தால் ஆள் பிடிக்க வழியில்லாதபோது, அன்பினால் உழைக்கும் தொண்டரே கதியாயினர். அவ்வருஷமே, காலஞ்சென்ற டிஸ்ரேலியின் ஞாபகார்த்தமாக, அவருக்குப் பிரியமான மலரின் பெயரால் பிரிம்ரோஸ் லீக் நிறுவப்பட்டது. தேநீர் விருந்து, கானம், திருவிழா ஆகியவற்றால் அது ஜனங்களைத் திரட்டியது. பிரபுவும் பாமரனும் ஒரே கூட்டத்தில் அமர்ந்தனர். வாக்குரிமையே பெறாத ஸ்திரீகள் அதில் அங்கத்தினராகி, வீடு வீடாகச் சென்று கட்சிக்கு உழைத்தனர். பத்து வருஷத்துக்குள் அதன் அங்கத்தினர் தொகை பத்து லட்சத்தைத் தாண்டியது.

இனித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். 1965 வரையில் அக்கட்சியில் தலைவருக்குத் தேர்தல் என்பதே கிடையாது. பெரியோர் சிலர் கலந்து பேசுவர். தலைவர் தாமே தோன்றுவார். 1911-ல் ஆஸ்டின் சேம்பர்லேன், வால்ட்டர் லாங் இருவருக்கும் போட்டி முற்றியபோது, இருவரும் விலகிக்கொள்ள, போனர் லா தலைவரானார். கட்சி பிளவுறாதிருக்க இருவர் தம் ஆசையைத் துறந்தமை போற்றத்தக்கதன்றோ? ஆனால் 1963-ல் ஹியூம் பிரபு இவ்வாறு பொறுக்கப்பட்டபோது, மூடிய அறையில் ஒரு சிறு கூட்டம் செய்த முடிவு இது என்று கட்சிக்குள்ளேயே கண்டனம் எழுந்தது. இருவர் மந்திரிப் பதவி ஏற்க மறுத்தனர். மறு வருஷத் தேர்தலில் கட்சி தோற்றது. 1965-ல் முதன்முறையாகப் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் வோட்டளித்து எட்வர்ட் ஹீத்தைத் தெரிந்தெடுத்தனர். பத்து வருஷத்துக்குப்பின் அவர்களே அவரை நீக்கி, மார்கரெட் தாட்சரை அமர்த்தினர். 1990-ல் அவரும் அவ்வாறே விலக நேர்ந்தது. வெற்றி தருமளவும் தலைவரைப் பணிவதும், தோல்வி நெருங்கின் தயங்காது மாற்றுவதும் அக்கட்சியின் இயல்பு.

1998-ல் விதிகள் மாறின. பார்லிமெண்டு அங்கத்தினர் இருவரைப் பொறுக்க, கட்சியின் சாதாரண அங்கத்தினர் அவருள் ஒருவரைத் தெரிந்தெடுக்கலாயினர். இம்முறையும் குறையற்றதன்று. 2022-ல் சகபாடிகளிடையே முதலிடம் பெற்றவர் ரிஷி சுனக். அங்கத்தினர் தெரிந்தெடுத்தவரோ லிஸ் டிரஸ். உடனிருந்து உழைக்க வேண்டியோரின் ஆதரவு குறைந்த அப்பிரதமரின் ஆட்சி 49 நாட்களே நீடித்தது. 2024-ம் வருஷத்துத் தேர்தலில் அக்கட்சி 121 ஸ்தானங்களே பெற்று, 14 வருஷ ஆட்சியை இழந்தது.

சிலர் கூடி முடிவு செய்தால் பலருக்கு மனக்கசப்பு. பலர் வோட்டளித்தால் உடனுழைப்போரின் நம்பிக்கை குன்றக்கூடும். எனவே இரண்டும் வேண்டும். நம் சங்கத்திலும் தலைவர் யாரென்பது பெரிய வீடுகளின் திண்ணையில் முடிவாகி, மகாசபையில் கைதட்டலோடு நிறைவேறுவதையே நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டோம். அப்பெரியோர்களின் தொண்டை நாம் குறைத்துரையோம். ஆனால் சந்தா செலுத்தும் ஏழை அங்கத்தினரும் கேட்கப்படுதல் நியாயமன்றோ? கூட்டத்தின் பின்வரிசையில் மௌனமாக அமரும் நம் ஸ்திரீகளின் ஆற்றல் வீணாதல் தகுமோ? போட்டியில் தோற்றவர் மறுநாளே தனிச் சங்கம் காண்பது முறையோ?

பழமையைக் காப்பதையே விரதமாகக் கொண்ட கட்சியும் மாறியதனாலேயே பிழைத்தது. நம் முன்னோர் நட்ட மரம் நிற்க வேண்டுமாயின், புதிய தளிர்களுக்கு நாம் இடங்கொடுத்தல் வேண்டும். அடுத்த மகாசபைக்கு வருமுன் அன்பர்கள் இதனைத் தத்தம் குடும்பத்தாரோடு சிந்திப்பார்களாக.