வைரஸ்: பெயரே சரக்கான கதை

லத்தீன் மொழியில் ‘விருஸ்’ என்றால் நஞ்சு. பாம்பின் விஷம், செடியிலிருந்து கசியும் கெட்ட சாறு, பிசுபிசுத்த வழவழப்பு எல்லாவற்றுக்கும் ரோமானியர்கள் இந்த ஒரே சொல்லை வைத்துச் சமாளித்தார்கள். வடமொழியின் ‘விஷ’மும் இதுவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிரிந்தவை. அந்த விஷம் தமிழுக்கு வந்து ‘விடம்’ ஆனது. ஆக, “கம்ப்யூட்டர்ல வைரஸ் ஏறிடுச்சு” என்று நாம் சொல்லும்போது, கம்பனும் அறிந்த விடத்துக்குத் தூரத்து உறவான ஒரு சொல்லைத்தான் ஆங்கிலத்தைச் சுற்றி அழைத்து வந்திருக்கிறோம்.

மருத்துவர்கள் இச்சொல்லை நோய் பரப்பும் எந்த நஞ்சுக்கும் பயன்படுத்தினார்கள். 1798இல் எட்வர்ட் ஜென்னர் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்ததைப் பற்றி எழுதியபோதும் அந்தப் பொருளில்தான் ஆண்டார். லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. அதிலிருந்து வந்தது வேக்ஸின். 1892இல் ரஷ்யாவின் இவனோவ்ஸ்கி, நோய் பிடித்த புகையிலையின் சாற்றைப் பாக்டீரியாகூடப் புகாத வடிகட்டியில் வடித்தார். வடித்த பிறகும் சாறு நோயைத் தொற்றவைத்தது. 1898இல் நெதர்லாந்தின் பெயெரிங்க் அதே சோதனையைச் செய்து, இது பாக்டீரியாவே அல்ல, வேறு வகை என்று முடிவுகட்டி, அதற்கு வைரஸ் என்ற பழைய சொல்லையே சூட்டினார். கண்ணுக்குத் தெரியாதது, தானே பெருகுவது என்ற இரண்டு குணங்களும் பெயரோடு ஒட்டிக்கொண்டன.

கணினிக்குள் இந்தப் பெயரை முதலில் கொண்டுவந்தவர்கள் கதாசிரியர்கள். கிரெகரி பென்ஃபோர்ட் 1970இல் எழுதிய ‘தி ஸ்கார்ட் மேன்’ சிறுகதையிலும், டேவிட் ஜெரால்டு 1972இல் வெளியிட்ட ‘வென் ஹார்லி வாஸ் ஒன்’ நாவலிலும் ‘வைரஸ்’ என்று ஒரு புரோகிராம் வருகிறது. அதை முறிக்க ‘வேக்ஸின்’ என்று இன்னொன்றும் கூடவே வருகிறது. 1983இல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர் ஃபிரெட் கோஹன் தன்னைத் தானே நகலெடுக்கும் புரோகிராம் ஒன்றைச் செய்து காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லெனர்ட் அடல்மன். ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையின் மூன்றாவது எழுத்து இவர் பெயருக்கு உரியது.

மூன்றே ஆண்டுகளில், 1986இல், லாகூரில் கணினிக் கடை வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் ‘பிரெய்ன்’ வைரஸை எழுதினார்கள். ஐபிஎம் பிசிக்களில் பரவிய முதல் வைரஸ் இதுதான். தங்கள் மென்பொருளைத் திருட்டு நகல் எடுப்பவர்களுக்காக எழுதியது என்பது அவர்கள் வாதம். ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் கடையின் முகவரி, தொலைபேசி எண்ணோடு ஒரு எச்சரிக்கையும் இருந்தது: இந்த வைரஸிடம் ஜாக்கிரதை, தடுப்பூசிக்கு எங்களை அணுகவும். நோயைப் பரப்பியவரே மருந்துக்கும் தன்னிடம் வரச்சொன்னார்! பின்னால் வந்த போலி ஆன்டிவைரஸ்களின் சூத்திரம் முழுவதும் அந்த ஓரிரு வரியில் அடங்கியிருக்கிறது.

ஒரு சொல் வந்தால் அதன் சுற்றமும் வரும். வைரஸ் வந்த பிறகு கணினிக்குத் ‘தொற்று’ ஏற்பட்டது, ‘ஸ்கேன்’ எடுக்க வேண்டியதாயிற்று, கெட்ட ஃபைல்கள் ‘குவாரண்டைன்’ ஆயின. குவாரண்டைன், பிளேக் பரவிய நாட்டிலிருந்து வந்த கப்பல்களை வெனிஸ் துறைமுகம் நாற்பது நாள் ஒதுக்கி நிறுத்தியதன் நினைவு. ‘குவாரந்தா’ என்றால் நாற்பது. நேர்மையான ஆன்டிவைரஸ் கம்பெனிகளும் இந்த ஆஸ்பத்திரி வாடையை விரும்பியே பூசிக்கொண்டன. பிரிட்டனில் டாக்டர் சாலமன்ஸ், ரஷ்யாவில் டாக்டர் வெப், நம் புனேயில் குவிக் ஹீல். மருத்துவர் சொன்னால் மறுபேச்சில்லை என்ற பழக்கம் நமக்குள் ஊறியது. அந்தப் பழக்கத்தையே மோசடிக்காரர்கள் முதலீடாக்கினார்கள்.

2000களின் நடுவிலிருந்து சந்தைக்கு வந்த போலிகளின் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: வின்ஃபிக்ஸர், வின்ஆன்டிவைரஸ், டிரைவ்கிளீனர், எரர்சேஃப், எக்ஸ்பி ஆன்டிவைரஸ், ஆன்டிவைரஸ் 2009. இதற்கு ஒரு இலக்கணமே உண்டு. முன்னால் விண்டோஸை நினைவூட்டும் ‘வின்’ அல்லது ‘எக்ஸ்பி’. நடுவில் காவலையோ சிகிச்சையையோ குறிக்கும் சொல். முடிந்தால் கடைசியில் ஒரு ஆண்டு, இந்த வருடத்துப் புதுச் சரக்கு என்று காட்ட. கேட்டவுடன் எங்கோ கேள்விப்பட்ட பெயர் போலத் தோன்ற வேண்டும். திரும்பத் தேடிப் பிடிக்க முயன்றால் தனி அடையாளம் எதுவும் சிக்கக் கூடாது.

இப்பெயர்களில் பலவற்றின் பின்னால் இருந்தது இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம். பதிவு பெலீஸில், அலுவலகம் உக்ரைனின் கீவ் நகரில். 2008 டிசம்பரில் அமெரிக்காவின் பெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றம் போய் இதை நிறுத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஏமாந்ததாக ஆணையம் சொன்னது. 2012இல் பிரதிவாதிகளில் ஒருவர்மேல் மட்டும் 16 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பானது.

மேக் கணினிக்காரர்களுக்கு 2011 மே மாதம் முறை வந்தது. கூகுள் படத் தேடல் வழியாகப் புகுந்த ‘மேக் டிஃபெண்டர்’, ஆட்கள் உஷாரானதும் மேக் செக்யூரிட்டி, மேக் புரொடெக்டர், மேக் கார்டு என்று வேஷம் மாற்றிக்கொண்டே போனது. ஜியோகேச்சிங் என்ற புதையல் விளையாட்டுக்கு மென்பொருள் எழுதிவந்த ஒருவர் அதே ‘மேக்டிஃபெண்டர்’ பெயரை முன்பே வைத்திருந்தார். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அறிவிக்க வேண்டிய நிலை அவருக்கு!

இந்த ரகத்துக்கு ஆங்கிலத்தில் விழுந்த பெயர் ‘ஸ்கேர்வேர்’. பயமுறுத்திப் பிழைக்கும் மென்பொருள் என்பது அதன் பொருள். பெயர் தொழிலை மறைக்கவில்லை. அது எப்படிப் பயமுறுத்தும் என்பதை அருகில் போய்ப் பார்க்கலாம். ஏதோ ஒரு தளத்தில் இருக்கிறீர்கள். திடீரென்று திரையில் ‘மை கம்ப்யூட்டர்’ ஜன்னல் விரிகிறது. சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் இருக்கிறது. பச்சைப் பட்டை ஓடுகிறது, ஃபைல் பெயர்கள் பறக்கின்றன, சிவப்பு எழுத்தில் ட்ரோஜன், வார்ம் என்று எண்ணிக்கை ஏறுகிறது. உண்மையில் அது ஒரு வலைப்பக்கத்தில் ஓடும் படம். சி டிரைவே இல்லாத மேக்கிலும் லினக்ஸிலும்கூட அதே சி டிரைவைச் ‘சோதித்து’ அதே வைரஸ்களைக் கண்டுபிடிக்கும். ‘கேன்சல்’ பட்டனும் படத்தின் ஒரு பகுதிதான். அதை அழுத்தினாலும் டவுன்லோடு தொடங்கும்.

திரைக்கு வெளியேயும் இந்த ‘ஸ்கேன்’ நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடைத்தொடர் ஆஃபீஸ் டிப்போவில் ‘பிசி ஹெல்த் செக்’ என்று இலவசச் சோதனை செய்தார்கள். கணினி மெதுவாகிவிட்டதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பது போன்ற கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு டிக் அடித்தாலே போதும், மால்வேரின் (தீங்கு செய்யும் மென்பொருளின்) அறிகுறி தெரிகிறது என்று முடிவு வந்துவிடும். பிறகு ரிப்பேர் பில். 2019இல் ஆஃபீஸ் டிப்போவும் மென்பொருள் தந்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3 கோடியே 50 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தன.

இப்போது தமிழ்ப் பெயர்களுக்கு வருவோம். வைரஸுக்கு ‘நச்சுநிரல்’ என்றார்கள். நஞ்சு என்பது வேற்றுமையில் நச்சு ஆகும். நச்சுதல் என்ற வினைக்கோ விரும்புதல் என்று பொருள். நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அதுதான். வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ அதிகாரத்தில் ஒரே குறளில் இந்த இரண்டையும் ஆள்கிறார்: யாராலும் விரும்பப்படாதவன் செல்வம், ஊர் நடுவே பழுத்த நஞ்சு மரம். மால்வேருக்கு வைத்த ‘தீம்பொருள்’ இன்னும் வேடிக்கை. தீங்கு செய்யும் பொருள் என்று நினைத்து வைத்தார்கள். தீம்பால், தீந்தமிழ் என்று படித்துப் பழகியவர் காதில் இனிப்பான பொருள் என்று விழும். போலி ஆன்டிவைரஸுக்கு இரண்டு பொருளுமே பொருந்தும். விரும்பி, நாமே அழைத்து, நாமே காசு கொடுத்து உள்ளே விடும் நஞ்சு அது. கணினியைத் துளைத்துக்கொண்டு வர அதற்குத் திறமை வேண்டியதில்லை. நம் விரல் போதும்.

இன்று அது பெயரைச் சொல்வதோடு நிற்காமல் போன் நம்பரும் கொடுக்கிறது. எச்சரிக்கைத் திரையில் உள்ள எண்ணைக் கூப்பிட்டால், பெரிய நிறுவனத்தின் ஆள் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பேசி, தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்கவிடும் ரிமோட் ஆப்பை ஏற்றச் சொல்வார். இந்திய நகரங்களிலிருந்தும் இந்தக் கால் சென்டர்கள் இயங்கின. மைக்ரோசாஃப்ட், அமேசான் தந்த புகார்களின்பேரில் 2023 அக்டோபரில் சிபிஐ ‘ஆபரேஷன் சக்ரா-2’ சோதனைகளை நடத்தியது.

பெயர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் தற்காப்பும் தெரிந்துவிடும். பிரவுசரில் திறந்த பக்கம் எதற்கும் உங்கள் கணினியின் ஃபைல்களைத் தானாகத் துழாவிப் பார்க்கும் வசதி கிடையாது. ஆகவே ‘உங்கள் கணினியில் 37 வைரஸ்’ என்று ஒரு பக்கம் சொன்னால், அந்த எண் முன்கூட்டியே எழுதி வைத்தது. உள்ளே இருக்கும் எந்தப் பட்டனையும் தொடாமல் பிரவுசரையே மூடுங்கள். மூட மறுத்தால் டாஸ்க் மேனேஜரில் போய் நிறுத்துங்கள். மூடியபின்னும் மூலையில் எச்சரிக்கைகள் முளைத்தால், ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்; பிரவுசர் செட்டிங்கில் போய் அதை ரத்து செய்யுங்கள். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் விலையில்லாமல் கூடவே வருகிறது, சிஸ்டத்தை அப்டேட்டாக வைத்திருந்தால் வீட்டு உபயோகத்துக்குப் பெரும்பாலும் அதுவே போதும். வேறு வேண்டுமென்றால் ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரட்டிவ்ஸ் போன்ற சோதனைக் கூடங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, முகவரியை நீங்களே டைப் செய்து போய் இறக்குங்கள்.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். நெட்டைத் துண்டித்து, ரிமோட் ஆப்பை நீக்கி, வங்கிக்குச் சொல்லி கார்டை முடக்கி, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். இந்தியாவில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணம் கை மாறுவதற்குள் தடுக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. புகாரில் அந்தப் போலி ஆன்டிவைரஸின் பெயரையும் திரையில் கண்டபடியே எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெயர் இருக்காது.