விண்டோஸ் 10 கணினி 'நல்லாதானே ஓடுது'... அப்புறம் ஏன் கவலைப்படணும்?

வீட்டில் எல்லாரும் பகிர்ந்து பயன்படுத்தும் பழைய கணினி ஒன்று இருக்கும். அம்மா அதில் வங்கிக் கணக்கைப் பார்ப்பார். அப்பா சிங்பாஸ் வழி ஏதாவது படிவம் நிரப்புவார். பத்து ஆண்டுக் குடும்பப் படங்களும் அதில்தான் இருக்கும்.

அதில் ஏதாவது கோளாறு என்றால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டின் 'ஐடி' பிரிவு நீங்கள்தான்!

அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 10 என்றால், நீங்கள் உடனே கவனிக்கவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

என்ன மாறியது?

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதி நிறுத்திவிட்டது.

ஆதரவு நின்றதால் கணினி நின்றுவிடாது. வழக்கம்போல் திறக்கும், படம் ஓடும், அச்சுப்பொறியும் வேலை செய்யும். முக்கியமாக நின்றது இதுதான்: மாதாமாதம் வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள்.

அதனால்தான் இதைப் புரியவைப்பது கஷ்டம். வேகம் குறைந்தால் எல்லாருக்கும் தெரியும். பாதுகாப்பு குறைந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது.

திருத்தம் வராவிட்டால் என்ன ஆகும்?

எந்த மென்பொருளிலும் ஓட்டைகள் இருக்கும். அவை தெரியவரும்போது நிறுவனம் அடைக்கிறது. நாம் 'அப்டேட்' என்று சொல்வதில் பெரும்பகுதி அந்த வேலைதான்.

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் பொதுவான பகுதிகள் நிறைய உண்டு. விண்டோஸ் 11இல் ஓர் ஓட்டை அடைக்கப்பட்டால், ஊடுருவிகள் பழைய நிரலையும் புதிய நிரலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எங்கே மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அதே ஓட்டை விண்டோஸ் 10இலும் இருந்தால், அடைக்கப்படாத கணினிக்குள் நுழைய வழி கிடைத்துவிடுகிறது.

"ஆன்டிவைரஸ் இருக்கே, போதாதா?" என்று கேட்கலாம். விண்டோஸுடன் வரும் டிஃபெண்டருக்குப் புதிய கிருமிகளின் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் கூறியிருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அது வாசலில் நிற்கும் காவலர் மாதிரி. பின்பக்கச் சுவரில் உள்ள ஓட்டையை அவரால் அடைக்கமுடியாது.

இதெல்லாம் உண்மையில் நடக்குமா?

நடந்திருக்கிறது. 2017 மே மாதம் 'வானாகிரை' என்ற பிணைநிரல் 150 நாடுகளில் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளின் முன்பதிவுகளை ரத்துசெய்ய நேரிட்டது. சிங்கப்பூரில் தியோங் பாரு பிளாசாவின் மின்னியல் வழிகாட்டிப் பலகையிலும் அந்த மிரட்டல் செய்தி தோன்றியது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. தாக்குதல் வந்தது இரண்டு மாதம் கழித்து. திருத்தத்தைப் போட்டிருந்த கணினிகள் தப்பின. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டவை மாட்டிக்கொண்டன.

இப்போது விண்டோஸ் 10இல் நீங்களாக ஏதாவது செய்தால்தான் திருத்தமே வரும்.

முதல் வேலை: காப்பு நகல்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், தொடங்கும் முன் கோப்புகளுக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

- வெளிப்புற வன்தட்டு ஒன்றில் ஒரு நகல். நகல் எடுத்த பிறகு அதைக் கழற்றி வையுங்கள். மாட்டியே இருந்தால் பிணைநிரல் அதையும் பூட்டிவிடும்.
- முக்கியமான படங்கள், ஆவணங்களுக்கு மேகச் சேமிப்பில் இன்னொரு நகல்.
- எடுத்த நகலிலிருந்து இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்கமுடியாத நகல் இருந்தும் பயனில்லை.

உங்களுக்கு எந்த வழி?

1. விண்டோஸ் 11க்கு மாறுவது

தகுதியுள்ள கணினிக்கு இது இலவசம். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியை இறக்கி ஓட்டினால் தகுதி உண்டா இல்லையா என்று சொல்லிவிடும். பொதுவாக, 8ஆம் தலைமுறை இன்டெல் சில்லு அல்லது அதற்குப் பிந்தையது, 4 ஜிபி நினைவகம், 64 ஜிபி சேமிப்பிடம், 'டிபிஎம் 2.0' என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும்.

'டிபிஎம் இல்லை' என்று வந்தால் உடனே மனம் தளரவேண்டாம். சில கணினிகளில் அது இருக்கும், ஆனால் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே கை வைக்கும் முன், பிட்லாக்கர் மீட்புக் குறியீடு உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் கணினி உங்களையே உள்ளே விடாமல் போகலாம்.

தகுதியில்லாத கணினியிலும் குறுக்குவழியில் விண்டோஸ் 11 போடலாம் என்று காணொளிகள் சொல்லும். அப்படிப் போட்ட கணினிக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்கிறது மைக்ரோசாஃப்ட். திருத்தத்துக்காகத்தானே மாறுகிறோம்?

2. நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்வது

தகுதியில்லாத கணினிகளுக்கு இது தற்காலிகத் தீர்வு. 'இஎஸ்யு' எனப்படும் இந்தத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை முக்கியப் பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும்.

சேர மூன்று வழிகள்: கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் இலவசம், 1,000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைச் செலவிடலாம், அல்லது ஒருமுறை 30 அமெரிக்க டாலர் கட்டலாம். மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் கணக்கு தேவை. கணினியில் '22எச்2' பதிப்பு இருக்கவேண்டும்.

செட்டிங்ஸ் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். இது சிறிது அவகாசம் மட்டுமே. புதிய கணினிக்குப் பணம் சேர்க்க அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

3. வேறு இயங்குதளம் போடுவது

உலாவியும் மின்னஞ்சலும் மட்டுமே போதும் என்றால் லினக்ஸ் மின்ட், குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் போன்ற இலவச இயங்குதளங்களைப் பழைய கணினியில் போடலாம். தொடர்ந்து திருத்தங்கள் வரும். ஆனால் விண்டோஸுக்கு மட்டும் எழுதப்பட்ட மென்பொருள்கள் அதில் பொதுவாக ஓடாது. அம்மா அப்பா பழகிக்கொள்வார்களா என்பதையும் யோசியுங்கள்.

மூன்றும் சரிவரவில்லையா? அந்தக் கணினியில் வங்கி, சிங்பாஸ் வேலைகளையாவது இன்றே நிறுத்துங்கள்.

பயத்தைக் காசாக்கும் மோசடி

'உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது, உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுவதும் எச்சரிக்கை வந்தால் அது மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது. அழைத்தால் என்ன நடக்கும்? 'சரிசெய்து தருகிறோம்' என்று தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியைப் போடச் சொல்வார்கள். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள்.

இதை வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். "இந்த மாதிரி ஏதாவது வந்தா நம்பரைக் கூப்பிடாதீங்க, முதல்ல என்னைக் கூப்பிடுங்க" என்ற ஒரு வரி போதும்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டார்களா? இணையத் தொடர்பை உடனே துண்டியுங்கள். வேறு சாதனத்திலிருந்து வங்கியை அழையுங்கள், மறைச்சொற்களை மாற்றுங்கள், காவல்துறையில் புகார் கொடுங்கள். மோசடியா இல்லையா என்று சந்தேகமாக இருந்தால், எந்த நேரத்திலும் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு நேரடித் தொலைபேசி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

தூக்கிப் போடுவதற்கு முன்...

கோப்புகளை நீக்கிக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தால் தகவல்கள் அழிந்துவிடாது. 'ரீசெட் திஸ் பிசி' வசதியில் எல்லாவற்றையும் அகற்றும் தெரிவையும், அதற்குள் வன்தட்டைச் சுத்தம் செய்யும் தெரிவையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். பல மணி நேரம் ஆகலாம், மின்னூட்டியைக் கழற்றாதீர்கள்.

அதன்பிறகு மின்கழிவுத் தொட்டியில் போடலாம். புதிய கணினியைக் கடைக்காரர் வீட்டுக்குக் கொண்டுவரும்போது பழையதை எடுத்துச்செல்லச் சொல்லியும் கேட்கலாம்.

இந்த வாரயிறுதியில் என்ன செய்யலாம்?

- வீட்டுக் கணினியில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள்.
- காப்பு நகல் எடுங்கள்.
- விண்டோஸ் 11க்குத் தகுதி இருந்தால் மாறுங்கள். இல்லையென்றால் நீட்டித்த திட்டத்தில் சேருங்கள்.
- அப்டேட் தானாக நடக்கும்படி வைத்துவிடுங்கள்.

"நல்லாதானே ஓடுது" என்று அப்பா சொன்னால், "ஆமாம்பா, ஓடுது. கடைசியா எப்போ அப்டேட் வந்துச்சுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.