நடுகல் நாயும் தீப்பெட்டிப் படமும்

வெள்ளிக்கிழமைதோறும் ஒடுகத்தூரில் ஆட்டுச்சந்தை கூடுகிறது. சவ்வாது மலையின் வடபுற அடிவாரத்து ஊர். மேலே பீஞ்சமந்தை முதலிய மலையூர்களிலிருந்தும் கீழே சமவெளிச் சிற்றூர்களிலிருந்தும் ஆடுகள் வந்து சேரும். வாங்க வருபவர் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. முதுகெலும்பின்மேல் விரலை அழுத்துவார். வாயைப் பிரித்துப் பல் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். விலைப்பேச்சு அதன் பிறகுதான்.

அச்சந்தையைச் சுற்றிவிட்டு வந்த ஒரு முற்பகலில் அவ்வூர் நண்பர் ஒருவர் தம் மடிக்கணினியைத் திறந்து மூன்று படங்களை நம்முன் வைத்தார். பார்த்த வேலையை விட்டுவிட்டு மூன்றாண்டுகளாகத் தனியொருவராகக் கணினி விளையாட்டொன்றை ஆக்கி வருபவர் அவர். பெருநிறுவனச் சார்பின்றி இவ்வாறு ஆக்கப்படுபவற்றை 'இண்டி' விளையாட்டுகள் என்கிறார்கள். வால்வ் நிறுவனத்தின் 'ஸ்டீம்' இணைய அங்காடியில் அதை விற்பனைக்கு வைக்க வேண்டும். அதற்கொரு முகப்புப் படம் வேண்டும். "எதை வைக்கலாம்? நீங்களே சொல்லுங்கண்ணா" என்றார். கையிருப்பு ஏறக்குறையத் தீர்ந்துவிட்டதை அவர் சொல்லாமலே அறிவோம். 2024ஆம் ஆண்டில் மட்டும் 18,000க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் அவ்வங்காடிக்கு வந்தன. பல் பிடித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லாத சந்தை அது. படம் ஒருவரை நிறுத்தினால்தான் உள்ளிருப்பது அவர் கண்ணில் படும்.

விளையாட்டின் கதை எளியது. ஆடுபவர் ஒரு நாயாகி, இரவில் மலைக்காட்டில் ஆநிரையைக் காக்க வேண்டும். வாட்போர் கிடையாது, மோப்பமும் குரைப்பும் ஓட்டமுமே ஆயுதங்கள்.

முதற்படம் விடியற்கால மலைத்தொடர்: மூங்கில், பனிமூட்டம், சாமை வயல், தொலைவில் மாடுகள், ஒரு மூலையில் நாய். இரண்டாவதில் திரண்ட தோளும் தீப்பற்றிய வாளுமாக ஓர் இளைஞன். "இப்படி இருந்தால்தான் விற்கும்" என்று யாரோ அறிவுரை கூறினராம். மூன்றாவதில் கருநீலப் பின்னணியில், ஒரு கல்லின் பக்கத்தில், தலைநிமிர்ந்த நாய் மட்டும். முதற்படத்தின் அழகில் சொக்கி, அதுவே சிறந்ததென்று உடனே சொல்லிவிட்டோம். வீடு திரும்பும் வழியில்தான் ஐயம் எழுந்தது. அழகாயிருக்கிறது என்பது ஒரு தீர்ப்பாகுமா?

நண்பருக்கு இக்கதை கிடைத்த இடமே நமக்கு முதல் விடையைத் தந்தது. மலைக்குத் தென்புறத்துச் செங்கம் வட்டாரம் நடுகற்களின் களஞ்சியம். இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' 1972இல் வெளிவந்தபோது அவற்றின் பெருக்கம் தமிழுலகுக்குத் தெரிந்தது. அவற்றுள் எடுத்தனூர்க் கல் தனித்துவமானது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் கோவிவன். அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைத் தனிக் கல்வெட்டாகவே பொறித்திருக்கிறார்கள். பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. கல்லைச் செதுக்கியவனின் பெயர் தெரியவில்லை!

நடுகற் சிற்பியின் முறையைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். அவனுக்குக் கிடைத்த இடம் ஒரு பலகைக் கல்தான். ஊர், காடு, மாட்டுமந்தை, பகைவர் கூட்டம் அனைத்தையும் அதில் அடைக்க அவன் பெரும்பாலும் முயல்வதில்லை. ஓர் உருவம், கையில் வில், மறுகையில் வாள் அல்லது குறுவாள், எட்டெடுத்து வைக்கும் கால், காலருகே சில கற்களில் கெண்டியும் சிமிழும். எழுத்தறியாத வழிப்போக்கனுக்கும் அது யாரோ ஒரு வீரனின் கல் என்பது தொலைவிலேயே விளங்கிவிடும். எழுத்தறிந்தவன் கிட்டே வந்து பெயரையும் செயலையும் படித்துக்கொள்வான். படம் நிறுத்துகிறது, எழுத்து சொல்கிறது. நினைவுச்சின்னத்தையும் கடைச்சரக்கையும் ஒப்பிடலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். நோக்கம் வேறு என்பதை மறுக்கவில்லை. அறிமுகமற்ற கண்ணை ஒரு நொடியில் நிறுத்தும் வேலை இரண்டுக்கும் பொதுவானது.

கடைச்சரக்குக்கே வருவோம். ஒடுகத்தூருக்கு வடக்கேயுள்ள குடியாத்தம், சிவகாசி வட்டாரத்தைப் போலவே தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போனது. இந்தியாவில் இத்தொழில் வேரூன்றுமுன் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டிகள் வந்திறங்கின. நம் கடவுளர் உருவங்களை அந்நாட்டார் அச்சடித்து ஒட்டி அனுப்பினர். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, 1923இல் சிவகாசியில் தொடங்கினர். சுவீடன் நிறுவனத்தின் கிளையான விம்கோவும் அதே ஆண்டில் எழுந்ததுதான். உள்ளே இருப்பதோ எல்லாப் பெட்டியிலும் ஒரே குச்சி, ஒரே மருந்து. வேறுபாடு மேலே ஒட்டிய, உள்ளங்கையில் பாதியளவுகூட இல்லாத தாளில் மட்டுமே. ஆகவே அங்கே ஒரு கடும் இலக்கணம் உருவாயிற்று: ஒரே உருவம், அடர்ந்த இரண்டு மூன்று நிறங்கள், தடித்த கோடு. 'கப்பல் மார்க்' என்று வாயால் கேட்டு வாங்கத்தக்கதாக அப்படம் இருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்க முடியாத படம் கடையில் தோற்கும். ஒரு படம் வென்றுவிட்டால் அதைப் போலவே சிறிது மாற்றி அச்சடித்த போலிகள் கிளம்பும். போலி வருவதே ஒரு வகையில் பாராட்டிதழ்தான்.

விளையாட்டு முகப்புகளின் வரலாறு இதற்கு நேரெதிர்த் திசையில் தொடங்கியது. 1977இல் அட்டாரி நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுப் பொறியை வெளியிட்டபோது, திரையில் தெரிந்தவை சில சதுரக் கட்டங்களே. அட்டையிலோ கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் புகையும் வேகமும் வியர்வையும் நிறைந்த காட்சிகளைத் தீட்டினர். அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கட்டங்களைப் பீரங்கிகளாகக் காண ஆடுபவரின் கற்பனைக்கு அவ்வோவியங்கள் கைகொடுத்தன. பீரங்கி விளையாட்டின் அட்டையில் பீரங்கிதான் இருந்தது. நண்பரின் இரண்டாம் படம் அத்தகையதன்று. இல்லாத வாளைக் காட்டுகிறது அது.

இந்தக் குற்றத்தை நாமும் ஒருகால் செய்தவர்களே. நடுகற்களைப் பற்றிய சிறு நூலொன்றை நம் குழு வெளியிட்டபோது, கோயில் கோபுரம் போட்டால் விற்குமென்று எண்ணிக் கோபுரத்தையே அட்டையில் ஏற்றினோம். விற்கவும் விற்றது. கோயில் வரலாற்றை எதிர்பார்த்து வாங்கிய பெரியவர் ஒருவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பணத்தையும் வாங்காமல் போனார். பணத்தை வாங்கியிருந்தால் இத்தனை நாள் உறுத்தியிராது.

ஸ்டீம் அங்காடியும் இவ்வகைச் சந்தை வாய்ப்பேச்சைக் கண்டு சலித்திருக்க வேண்டும். பரிசு முத்திரை, பத்திரிகை மதிப்பெண், தள்ளுபடி விளம்பரம் ஆகியவற்றை முகப்புப் படங்களில் பொறிக்கக் கூடாதென்றும், விளையாட்டின் பெயர் தவிர வேறெழுத்து பொதுவாக ஆகாதென்றும் 2022 செப்டம்பர் 1 முதல் விதித்தது. படம் தானே நின்று பேச வேண்டும். அதுவும் எவ்வளவு இடத்தில்? சிறிய முகப்பின் நெடுநாளைய அளவு 231க்கு 87 புள்ளிகள். சில பட்டியல்களில் அது 120க்கு 45 வரை சுருங்கும். தீப்பெட்டித் தாளேதான்!

நண்பரின் மற்றோர் அச்சம், நம்மூர்த் தன்மை தெரிந்தால் வெளிநாட்டார் வாங்குவரோ என்பது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட விளையாட்டை நினைவூட்டினோம். கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சமையற்கட்டே அதன் களம். அதன் பெயர் 'வெண்பா'. எவருக்காகவும் அப்பெயரை மொழிபெயர்க்கவில்லை. 2024இல் பாஃப்டாவின் முதல் ஆக்கத்துக்கான விருது அதைத் தேடி வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் போனோம். நம் முதல் தீர்ப்பைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொண்டு, மூன்று படங்களையும் தீப்பெட்டி அளவில் அச்செடுக்கச் செய்தோம். காலிப் பெட்டிகளில் ஒட்டி, சந்தைக்கருகே தேநீர்க்கடைப் பலகையில் வரிசையாக அடுக்கினோம். சாலையின் மறுபுறம் நின்று கடைக்காரரை அழைத்து, என்ன தெரிகிறதென்று கேட்டோம். கண்ணை இடுக்கிப் பார்த்தார். "மொதலாவது பச்சையா என்னமோ. ரெண்டாவது சினிமா படம். மூணாவது நாய் நிக்குது. காவலுக்கு நிக்குதோ?"

நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. மலைத்தொடர்ப் படத்தை வீணாக்க வேண்டாம், அங்காடிப் பக்கத்தின் பின்னணிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் பின்னர் கூறினோம். வாள் வீரனை அங்கேயே அழித்துவிட்டார். நாயின் காதுகள் சிறுபடத்தில் கல்லோடு ஒட்டித் தெரிகின்றன, சற்றே விலக்க வேண்டும் என்று அவரே குறை கண்டு, பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.